பழைய காருக்கு இன்ஜின் பாகம் கடைந்து வாங்க: கோவைப் பட்டறைக்குப் போகும் முன் கேட்கப்படும் கேள்விகள்

கோவை கணபதி பகுதியில் ஒரு சின்னக் கடைசல் பட்டறை வைத்திருக்கிறேன். அன்றாடச் சோறு பம்பு, மோட்டார் பாகங்களில்தான். ஆனால் பத்மினி, அம்பாசடர், பழைய மாருதி 800 என்று காரை விற்க மனசில்லாமல் வைத்திருப்பவர்கள், மாதம் இரண்டு பேராவது துணியில் சுற்றிய பாகத்தோடு வந்து நிற்பார்கள். "இதே மாதிரி ஒண்ணு கடஞ்சு குடுங்கண்ணா" என்பதுதான் முதல் பேச்சு. அவர்கள் என்னிடம் கேட்பவையும், நான் அவர்களிடம் திருப்பிக் கேட்பவையும் சேர்ந்தவை இவை.

கடையில் கிடைக்காத பாகம் எதையும் கடைந்து வாங்கிவிட முடியுமா?

பெரும்பாலும் முடியும். செய்யலாமா என்பதுதான் கேள்வி. நான் முதலில் கேட்பது, "ஓடும்போது இது உடைஞ்சா என்னங்க ஆகும்?" என்பது.

தெர்மோஸ்டாட் மூடி ஒழுகினால் வண்டியை ஓரம் கட்டலாம். புல்லி, புஷ், வாட்டர் பம்ப் ஷாஃப்ட், வால்வு கைடு, ராக்கர் ஷாஃப்ட், கார்புரேட்டர் அடித்தகடு, மவுண்ட் பிராக்கெட் எல்லாம் தைரியமாகச் செய்து வாங்கலாம். கனெக்டிங் ராட் அப்படியில்லை. பத்மினி இன்ஜின் 68 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 75 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்). நிமிடத்துக்கு 6000 சுற்றில் பிஸ்டன் ஒரு நொடிக்கு 200 முறை நின்று திரும்புகிறது. மேல் முனையில் திரும்பும் கணத்தில், பிஸ்டனும் பின்னும் சேர்ந்து 400 கிராம் என்று வைத்துக்கொண்டால், ராடை இழுக்கும் விசை முக்கால் டன்னுக்குச் சமம். அதுவும் நொடிக்கு நூறு தடவை. அந்த வேலையைச் சரியான இரும்பு, அதற்கான ஹீட் ட்ரீட்மென்ட், விரிசல் பரிசோதனை மூன்றும் கையில் இருந்தால்தான் தொட வேண்டும். கிராங்க், கேம் இரண்டுக்கும் இதே பேச்சுதான்.

பிரேக், ஸ்டியரிங் பாகம் எதையும் நான் எடுப்பதில்லை. எவ்வளவு வேண்டியவர் கேட்டாலும் இல்லை.

இதற்கு ஏன் எல்லோரும் கோயமுத்தூருக்கே வருகிறார்கள்?

ஒரு பாகம் முழுதாக உருவாகக் குறைந்தது ஐந்து கை வேண்டும்: பேட்டர்ன் (வார்ப்பு மண்ணில் பதிக்கும் மாதிரி) செய்பவர், வார்ப்பு ஊற்றுபவர், கடைபவர், ஹீட் ட்ரீட்மென்ட் செய்பவர், சாணை பிடிப்பவர். பீளமேடு, ஆவாரம்பாளையம், கணபதி, சிங்காநல்லூர், குறிச்சி சிட்கோ என்று ஒரு வட்டம் போட்டால் இந்த ஐந்து பேரும் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். ஒரு டிவிஎஸ் 50 இருந்தால் போதும், காலையில் கடைந்ததை மத்தியானம் சாணைக்குக் கொண்டுபோய்விடலாம்.

இது ஒரு நாளில் வந்ததில்லை. 1888இல் இங்கே நூற்பாலை வந்தது. ஆலை இருந்தால் அதைப் பழுதுபார்க்கப் பட்டறை வேண்டும். 1930களில் நீலகிரியின் பைக்காரா நீர்மின்சாரம் வந்ததும் ஆலைகள் பெருகின. கிணற்றுக்கு மோட்டார் தேவைப்பட்டது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் இங்கேயே மின்மோட்டார் செய்து காட்டினார்கள். பம்பு, கிரைண்டர், நூற்பு இயந்திரம் என்று அது வளர்ந்தது. கார் பைத்தியமும் இந்த ஊருக்குப் புதிதில்லை. இங்கேயே பந்தயக் கார் கட்டிய கரிவரதன் பெயரில் செட்டிபாளையத்தில் 2003 முதல் பந்தயத் தடம் இருக்கிறது. ஜி.டி. நாயுடு பெயரில் அவினாசி சாலையில் கார் அருங்காட்சியகம் இருக்கிறது. பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு தடவை போய்ப் பார்க்க வேண்டும்.

கிராங்க் சாணை, போரிங், லைனர் வேலைக்கு மட்டும் நாமக்கல், திருச்செங்கோடு பக்கமும் கை தேர்ந்தவர்கள் உண்டு. லாரியும் போர்வெல் போடும் ரிக் வண்டியும் நிறைந்த ஊர்கள். அவர்களுக்கு இது தினசரி வேலை.

பழைய பாகத்தையே சாம்பிளாகக் கொடுத்தால் போதாதா? வரைபடம் எதற்கு?

இதைத்தான் நான் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. தேய்ந்த பாகத்தைப் பார்த்துக் கடைந்தால் தேய்ந்த பாகம்தான் பிறக்கும்.

நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவர் வாட்டர் பம்ப் ஷாஃப்ட் கொண்டுவந்தார். பேரிங் உட்காரும் இடத்தில் மைக்ரோமீட்டர் 14.96 காட்டியது. அப்படியே 14.96க்குக் கடைந்து, பளபளவென்று சாணை பிடித்துக் கொடுத்தேன். வேலை சுத்தம் என்று அவருக்கும் சந்தோஷம். அந்தக் கார் பல்லடம் போகும் வழியில் சூலூர் தாண்டியதும் கொதித்து நின்றது. பேரிங்கின் உள்வளையத்துக்குள் ஷாஃப்ட் வழுக்கிச் சுற்றி, சீல் கிழிந்து, தண்ணீர் எல்லாம் போய், ஹெட் கேஸ்கட்டும் போய்விட்டது.

நான் பார்த்திருக்க வேண்டியது ஷாஃப்டை இல்லை, பேரிங்கை. அதன் மேல் 6202 என்று எழுதியிருந்தது. 6202 என்றால் உள்துளை 15 மி.மீ., வெளிவிட்டம் 35, அகலம் 11. உலகத்தில் எங்கே வாங்கினாலும் அதுதான். அந்தத் துளைக்குள் இறுக்கமாக நிற்க ஷாஃப்ட் 15.001க்கும் 15.012க்கும் நடுவில் இருக்க வேண்டும். வரைபடத்தில் இதை கே6 என்று ஒரே சொல்லில் எழுதிவிடலாம். சாம்பிளில் இருந்த 14.96 வருடக்கணக்கில் தேய்ந்து வந்த அளவு. பழைய பேரிங் ஏற்கனவே வழுக்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது, அவர் கவனிக்கவில்லை.

அந்த ஹெட் கேஸ்கட் செலவை நானே ஏற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து சாம்பிள் மட்டும் வந்தால் வேலை எடுப்பதில்லை. சாம்பிளோடு அது எதற்குள் உட்காருகிறதோ, எதன் மேல் ஓடுகிறதோ அந்த ஜோடிப் பாகமும் வர வேண்டும்.

அப்படியானால் சரியான அளவை எப்படிக் கண்டுபிடிப்பது?

எதுவும் உரசாத இடத்தைத் தேடுங்கள். புல்லிக்கு அடியில், சர்க்ளிப் காடிக்குப் பக்கத்தில், மூடிக்குள் ஒளிந்த ஓரத்தில் பழைய அளவு அப்படியே இருக்கும். அதை அளந்துவிட்டு, தேய்ந்த இடத்தோடு ஒப்பிடுங்கள். பேரிங், ஆயில் சீல், ஓ ரிங் போல வாங்கிப் போடும் பொருள்களின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அவை ஒரு நிலையான அளவுக்கே செய்யப்படுபவை என்பதால் பக்கத்துப் பாகத்தின் அளவையும் சொல்லிவிடும்.

வெர்னியர் 0.02 மி.மீ. வரை காட்டும். அதை வைத்துப் பொருத்தம் முடிவு செய்யாதீர்கள். வெளிவிட்டத்துக்கு மைக்ரோமீட்டர், துளைக்கு போர் கேஜ். ஒரே இடத்தில் அளந்தால் போதாது. சுற்றிலும் மூன்று திசை, மேல் நடு கீழ் என்று அளந்தால்தான் வட்டம் முட்டையாகிவிட்டதா, குழல் கூம்பாகிவிட்டதா என்று தெரியும். வெயிலில் நின்ற போனட்டுக்குள் கையை விட்டு அளந்த அளவை நம்பாதீர்கள். பாகத்தையும் கருவியையும் நிழலில் ஒன்றாக வைத்து, இரண்டு மணி நேரம் கழித்து அளங்கள்.

மரையில் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். இத்தாலிய வழி வந்த பத்மினியில் மெட்ரிக் மரை. பிரிட்டிஷ் வழி வந்த வண்டிகளில் யூஎன்எஃப் என்ற அங்குல மரை வரும், இன்னும் பழசாக இருந்தால் விட்வொர்த்தும் வரும். எம்8 போல்ட் 5/16 அங்குல நட்டுக்குள் இரண்டு சுற்று ஏறும், அப்புறம் பிடிக்கும். அங்கே ஸ்பேனரை அழுத்தினால் ஹெட்டிலுள்ள மரை போய்விடும். மரை கேஜ் நூறு இருநூறு ரூபாய்ப் பொருள். முதலில் அதை வாங்குங்கள்.

வரைபடம் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. கோடு போட்ட நோட்டில் கையால் வரைந்த சுத்தமான படம் போதும். வளைவு, சாய்வு அதிகமுள்ள பாகத்துக்கு மட்டும் கேட் (CAD) என்ற கம்ப்யூட்டர் வரைபடம் தேவை. ஃப்ரீகேட் இலவசம், அதில் பழகலாம்.

படம் எதில் என்பதைவிட அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். எல்லா அளவுக்கும் ஒரே சகிப்பளவு (கூடக் குறைய விடும் அளவு) எழுதாதீர்கள். ஒரு பொறியியல் கல்லூரித் தம்பி கொண்டுவந்த புல்லிப் படத்தில் வெளிவிளிம்பு உட்பட எல்லா இடத்திலும் 0.01 மி.மீ. போட்டிருந்தது. அப்படிச் செய்தால் புல்லி காரைவிட விலை போகும். அந்தப் புல்லியில் மூன்று விஷயம்தான் முக்கியம்: நடுத்துளை, பெல்ட் காடியின் கோணம், காடி நடுத்துளையோடு ஒரே மையத்தில் ஓடுவது. மற்றதெல்லாம் கால் மில்லி கூடினாலும் குறைந்தாலும் பரவாயில்லை. "எங்கே விட்டுக்கொடுக்கலாம்" என்று படம் சொன்னால்தான் பட்டறைக்காரர் "எங்கே விடக்கூடாது" என்பதில் கவனம் வைப்பார்.

மூலைகளுக்கு ஆரம் எழுதுங்கள். ஷாஃப்டில் தடிமன் மாறும் இடத்தில் கத்தி முனைபோல வெட்டினால் விரிசல் அங்கேயே பிறக்கும். இடம் இருக்கும் அளவுக்கு வளைவு கொடுக்க வேண்டும். பிசிறு நீக்க வேண்டும் என்பதையும் எழுதிவிடுங்கள். ஆயில் துளையின் ஓரத்தில் நின்ற ஒரு பிசிறு கழன்று போய் பேரிங் ஷெல்லைக் கீறிவிடும்.

இடைவெளி எவ்வளவு விடுவது?

ஆயில் அழுத்தத்தில் ஓடும் ஷெல் பேரிங்குக்கு, விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பழைய கணக்கு. 50 மி.மீ. ஜர்னலுக்கு (பேரிங்குக்குள் சுற்றும் ஷாஃப்ட் பகுதி) 0.05 மி.மீ. தொடக்கத்துக்கு நல்ல கணக்கு, ஆனால் வண்டியின் சர்வீஸ் புத்தகம் வேறு சொன்னால் புத்தகமே சரி. நம் பட்டறைகளில் "ரெண்டு தவு" என்பார்கள். ஒரு தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று, அதாவது 0.025 மி.மீ.

சூடு ஏறினால் நடப்பதையும் கணக்கில் வையுங்கள். அலுமினியம் இரும்பைப்போல இரண்டு மடங்கு விரியும். அலுமினிய உறைக்குள் 40 மி.மீ. இரும்பு புஷ் அடித்திருக்கிறீர்கள். இன்ஜின் 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போகிறது. உறையின் துளை 0.064 மி.மீ. பெரிதாகும், புஷ் 0.034 தான் பெரிதாகும். குளிரில் 0.02 இறுக்கம் வைத்திருந்தால் சூட்டில் புஷ் கழன்று நிற்கும். பட்டறையில் சுத்தியல் அடித்து ஏற்றியதே என்று ஆச்சரியப்படுவதில் பயனில்லை. பாஸ்பர் வெண்கல வால்வு கைடும் வார்ப்பிரும்புக் கைடும் ஒரே மாதிரி விரிவதில்லை, இடைவெளியைக் கைடின் உலோகத்தைப் பார்த்தே வையுங்கள். கைடு மாற்றினால் வால்வு சீட்டையும் அந்தக் கைடை மையமாக வைத்துத் திரும்ப வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் வால்வு ஒரு பக்கமாக உட்காரும்.

எந்த உலோகம் கேட்பது?

பாகம் என்ன வேலை செய்கிறது என்று சொன்னால் உலோகம் தானாக வரும்.

ஸ்பேசர், பின், பிராக்கெட், சாதாரண ஷாஃப்டுக்கு ஈ.என். 8 என்ற இரும்பு ரகம். முறுக்கும் அடியும் வாங்கும் ஷாஃப்ட், ஸ்டட் என்றால் ஈ.என். 24. அதை "டி" நிலையில், அதாவது ஏற்கனவே பதப்படுத்திய கம்பியாகவே வாங்கலாம். 850 முதல் 1000 மெகாபாஸ்கல் இழுவை தாங்கும், கடைந்தபின் உலைக்குப் போக வேண்டாம் என்பதால் வளைவும் வராது. மேலே கண்ணாடிபோலக் கடினம், உள்ளே வளைந்து கொடுக்கும் தன்மை என்று இரண்டும் வேண்டுமானால் ஈ.என். 353 அல்லது 20எம்என்சிஆர்5. கேம், கியர், ராக்கர் பின் எல்லாம் இந்த வகை. அலுமினியத்தில் அடாப்டர், புல்லி, மூடிக்கு 6061 போதும். 7075 பலமானது, ஆனால் அரிப்புக்குச் சீக்கிரம் பணியும், தண்ணீர் ஓடும் பாகத்துக்கு வேண்டாம்.

கம்பிக் கடையில் ஒரு முனையில் பெயின்ட் அடித்து வைத்திருப்பார்கள். அந்த முனையை வெட்டி விற்ற பிறகு மிச்சக் கம்பி என்ன ரகம் என்று யாருக்கும் தெரியாது. எனவே டெஸ்ட் சர்டிபிகேட்டோடு வாங்குங்கள். முக்கியமான பாகம் என்றால் ஒரு வில்லை வெட்டி சிட்டார்க் போன்ற பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து ரசாயனக் கலவை பார்த்துவிடுங்கள். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் கிடைக்கும் லாரி ஆக்சிலை எடுத்துக் கடைவதும் நடக்கிறது. அது எத்தனை லட்சம் கிலோமீட்டர் ஓடியது, உள்ளே எங்கே விரிசல் என்று தெரியாத இரும்பை இன்ஜினுக்குள் வைக்க எனக்கு மனம் வராது.

ஹீட் ட்ரீட்மென்ட் கொடுத்தால் பாகம் வளைந்துவிடும் என்கிறார்களே?

வளையும். அதனால்தான் வரிசை முக்கியம். முதலில் பெரும்படியாகக் கடைந்து, உள்ளிருக்கும் இறுக்கம் போகச் சூடாக்கி ஆறவிட்டு, திரும்பக் கடைந்து, பிறகு கடினப்படுத்தி, கடைசியில் சாணை. சாணைக்கு விட்டத்தில் 0.2 முதல் 0.3 மி.மீ. விட்டுவைப்போம்.

மேல்தோல் மட்டும் கடினமாகக் கார்பன் ஏற்றும் வேலையில் ஒரு கணக்கு இருக்கிறது. கடினத் தோல் 0.8 மி.மீ. ஆழம் என்றால், வளைவைச் சரிசெய்ய ஒரு பக்கமே 0.3 சாணை பிடித்தபின் அங்கே 0.5 தான் மிச்சம். எதிர்ப்பக்கம் முழுதாக இருக்கும். ஆகவே எவ்வளவு சாணை என்பதையும், சாணைக்குப்பின் எவ்வளவு தோல் மிஞ்ச வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள். மரை உள்ள பகுதியில் கார்பன் ஏறாமல் பூச்சு பூசச் சொல்ல வேண்டும். அதை மறந்தால் முடுக்கும்போது மரை சுண்ணாம்புக்கட்டிபோல நொறுங்கும்.

நைட்ரைடிங் (கார்பனுக்குப் பதில் நைட்ரஜன் ஏற்றுவது) என்றால் உலைச்சூடு 500 டிகிரிக்குச் சற்று மேலேதான், வளைவு மிகக் குறைவு. தோல் மெல்லிசு. கிராங்குக்கு அதையே நான் விரும்புவேன்.

கம்ப்யூட்டர் ஓட்டும் சி.என்.சி. பட்டறைக்குப் போவதா, பழைய லேத் பட்டறைக்கா?

ஒரே ஒரு புஷ் என்றால் கை லேத் போதும். அனுபவமுள்ள கை 0.01 மி.மீ. தாராளமாகப் பிடிக்கும். பல துளை, பல முகம், வளைவு உள்ள பாகம் என்றால் வி.எம்.சி. என்ற சி.என்.சி. மில்லிங் மெஷின் வேண்டும்.

வார்ப்புப் பாகம் விரிசல் விட்டிருக்கிறது. அதைக் கட்டியிலிருந்து வெட்டி எடுப்பதா, வார்ப்பதா?

ஒன்று மட்டும் வேண்டுமானால் 6061 கட்டியிலிருந்து வெட்டுவது சுலபம். தெர்மோஸ்டாட் மூடி, ஆயில் ஃபில்டர் அடாப்டர் எல்லாம் அப்படியே எடுக்கலாம். இன்டேக் மேனிஃபோல்டு போல உள்ளே வளைந்த குழாய் இருந்தால், அல்லது ஐந்தாறு நண்பர்களுக்குச் சேர்த்து வேண்டுமானால் வார்ப்பு நல்லது. எல்.எம். 25 என்ற அலுமினியக் கலவையைக் கேளுங்கள்.

பழைய மூடியையே மண்ணில் அழுத்திப் பேட்டர்னாக்க முயலாதீர்கள். உருகிய அலுமினியம் ஆறும்போது ஏறக்குறைய 1.3 சதவீதம் சுருங்கும். 200 மி.மீ. நீளப் பாகம் இரண்டரை மில்லி குட்டையாக வரும், ஸ்டட் துளைகள் சேராது. பேட்டர்ன் செய்பவர் இந்தச் சுருக்கத்தையும், மண்ணிலிருந்து எடுக்கச் சாய்வையும், கடைய வேண்டிய முகங்களில் சுமார் 3 மி.மீ. கூடுதல் சதையையும் சேர்த்துத்தான் செய்வார். பம்பு இம்பெல்லர் பேட்டர்ன் செய்து பழகிய கைகள் நம் ஊரில் இருக்கின்றன. தண்ணீர் ஓடும் உள்வளைவை அவர்களைப்போலப் புரிந்துகொள்பவர் வேறு யாரும் இல்லை என்பது என் எண்ணம். கார் வாட்டர் பம்ப் இம்பெல்லருக்கு அவர்களிடமே போங்கள்.

வந்த வார்ப்பைக் கடைந்தபின் துளைகளை அடைத்து, உள்ளே 2 பார் காற்று ஏற்றித் தண்ணீருக்குள் முக்குங்கள். குமிழி வந்தால் வார்ப்பில் நுண்துளை இருக்கிறது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஹெட்டை கொஞ்சம் சீவினால் பவர் கூடுமாமே?

கூடும், ஒரு அளவுக்கு. கணக்கு போட்டுவிட்டுச் சீவுங்கள். பத்மினியில் ஒரு சிலிண்டர் 272 சி.சி. அமுக்க விகிதம் எட்டுக்கு ஒன்று என்று வைத்துக்கொண்டால், பிஸ்டன் மேலே நிற்கும்போது மிஞ்சும் இடம் 38.9 சி.சி. நீங்கள் அரை மில்லி தடிமன் கூடுதலான செம்பு கேஸ்கட் வைத்தால், 70 மி.மீ. துளைக்கு 1.9 சி.சி. இடம் கூடி விகிதம் 7.7க்கு இறங்கிவிடும். அதே 1.9 சி.சி.யைச் சீவிக் குறைத்தால் 8.4க்கு ஏறும். ஹெட்டின் குழியைக் கண்ணாடித் தகட்டால் மூடி, சிரிஞ்சால் மண்ணெண்ணெய் ஊற்றி நான்கையும் அளந்து பாருங்கள். சீவுவதைவிட நான்கு குழியையும் ஒரே அளவாக்குவதில் இன்ஜின் சீராக ஓடும்.

சீவினால் வேறு மூன்று விஷயம் மாறும். புஷ்ராடு இன்ஜினில் ராடு நீளமாகிவிட்டதுபோல் ஆகி ராக்கர் கோணம் தப்பும். மாருதி 800 போல மேலே கேம் உள்ள இன்ஜினில் கேம் நேரம் பின்தங்கும். வால்வும் பிஸ்டனும் நெருங்கும். இந்தக் கடைசி விஷயத்துக்குப் பிஸ்டன் தலையில் பிள்ளைகள் விளையாடும் களிமண் வைத்து, ஹெட்டை முடுக்கி, கையால் இரண்டு சுற்று சுற்றிவிட்டுக் கழற்றி, அமுங்கிய இடத்தை வெட்டி அளங்கள். இன்லெட் பக்கம் 2 மி.மீ., எக்ஸாஸ்ட் பக்கம் 2.5 மி.மீ.க்குக் குறைந்தால் நிறுத்திவிடுங்கள்.

போரிங் போடப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: 0.25, 0.50, 0.75, 1.00 என்று ஓவர்சைஸ் பிஸ்டன் வரும். பிஸ்டன் கைக்கு வரும் முன் போர் போடாதீர்கள். வந்த பிஸ்டனை அளந்து, அதற்குத்தான் சிலிண்டர்.

ஃபிளைவீலை இளைக்கலாமா?

பழைய வார்ப்பிரும்பு ஃபிளைவீலை இளைக்க நான் ஒத்துக்கொள்வதில்லை. 280 மி.மீ. விட்டமுள்ள சக்கரம் 6000 சுற்றில் ஓடினால் விளிம்பின் வேகம் நொடிக்கு 88 மீட்டர், மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். விரிசல் இருந்து தெறித்தால் அது வந்து நிற்பது ஓட்டுபவரின் காலடியில். வேண்டுமானால் பரிசோதித்த இரும்பில் புதிதாகவே கடைந்து, கிளட்ச் பிரஷர் பிளேட்டோடு சேர்த்து டைனமிக் பேலன்ஸ் செய்யுங்கள். ஊருக்குள் ஓட்டும் வண்டிக்கு இது தேவையா என்றும் யோசியுங்கள். இளைத்த ஃபிளைவீல் ஐடிலில் நடுங்கும், மேட்டுப்பாளையம் சாலை டிராஃபிக்கில் அடிக்கடி நின்றுபோகும்.

த்ரீ டி பிரிண்ட் உதவுமா?

பொருத்திப் பார்க்க உதவும். உலோகத்தை வெட்டுவதற்கு முன் பிளாஸ்டிக்கில் ஒன்று அச்சிட்டு, ஸ்டட் துளை சேருகிறதா, ஸ்பேனர் நுழைய இடம் இருக்கிறதா, போனட் மூடுகிறதா என்று பார்த்துவிடலாம். அந்தப் பிளாஸ்டிக்கோடு இன்ஜினை ஓட்டாதீர்கள்.

செலவு எவ்வளவு, எத்தனை நாள்?

ஒரு பாகத்துக்கு ஆகும் செலவில் வெட்டும் நேரம் கொஞ்சம்தான். படத்தைப் புரிந்துகொள்வது, புரோகிராம் எழுதுவது, பாகத்தைப் பிடிக்க ஃபிக்சர் செய்வது, கருவி செட் பண்ணுவது என்று முன்வேலையே பெரும்பாகம். ஒன்று செய்தாலும் பத்து செய்தாலும் அந்த முன்வேலை ஒன்றுதான். எனவே அதே கார் வைத்திருப்பவர்கள் நாலு பேர் சேர்ந்து வந்தால் தலைக்கு விழும் தொகை நன்றாகக் குறையும். நாளைப் பொறுத்தவரை, தைப்பொங்கல், ஆயுதபூஜை, தீபாவளி ஒட்டிய வாரங்களில் கேட்காதீர்கள்.

பட்டறைக்காரர் "இது நமக்கு வேண்டாங்க" என்று தட்டிக் கழிக்கிறார். எப்படிப் பேசுவது?

ஒற்றைப் பாகத்துக்கு மெஷினை நிறுத்தினால் அவருடைய தொடர் ஆர்டர் நிற்கும். அதைப் புரிந்துகொண்டு போங்கள். காலை எட்டரை மணிக்கு ஷிப்ட் தொடங்கும் பரபரப்பில் போக வேண்டாம். சாயங்காலம் டீ நேரத்தில், படம், ஜோடிப் பாகம், உலோகம் மூன்றையும் கையில் எடுத்துக்கொண்டு போய், "அண்ணா, அவசரம் இல்லீங்க, மெஷின் சும்மா இருக்கறப்ப போட்டுக் குடுங்க" என்று சொல்லிப் பாருங்கள். மெஷினில் நிற்கும் மூத்த ஃபிட்டரிடமும் பாகம் எங்கே ஓடுகிறது என்று காட்டிப் பேசுங்கள். படத்தில் நீங்கள் விட்ட தவறை அவர்தான் கண்டுபிடிப்பார். என் பட்டறையில் பல தடவை அப்படி நடந்திருக்கிறது.

முன்பணத்தைப் பேசும்போதே, அளவு தப்பினால் யார் பொறுப்பு என்பதையும் பேசிவிடுங்கள். படத்தில் இருக்கும் அளவுக்கு வரவில்லை என்றால் பட்டறை பொறுப்பு. படமே தப்பு என்றால் உங்கள் பொறுப்பு. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாகம் கைக்கு வந்ததும் மாட்டிவிடலாமா?

முதலில் நீங்களே அளங்கள். பிறகு கழுவுங்கள். ஆயில் துளைகளுக்குள் மண்ணெண்ணெயும் பிரஷும் விட்டு, காற்று அடித்து, வெள்ளைத் துணி நுழைத்துப் பாருங்கள். துணியில் கருப்பு வந்தால் திரும்பக் கழுவுங்கள். சாணைத்தூள் ஒரு சிட்டிகை போதும், புது பேரிங்கை ஒரே நாளில் தின்றுவிடும். சுமை தாங்கும் இரும்புப் பாகத்துக்கு மேக்னெட்டிக் முறையிலும், அலுமினியத்துக்கு சாயம் ஊடுருவும் முறையிலும் விரிசல் பார்க்கலாம். மாட்டியபின் முதலில் கையால் சுற்றுங்கள். கையால் இரண்டு சுற்று சுகமாகச் சுற்றாத இன்ஜினுக்குச் சாவி போடக்கூடாது.

ஆர்டிஓவில் பிரச்சினை வருமா?

தேய்ந்த பாகத்தை அதே அளவில், அதே வேலைக்குச் செய்து மாற்றுவதில் சிக்கல் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. ஸ்ட்ரோக்கைக் கூட்டி இன்ஜின் சி.சி.யை மாற்றுவது போன்ற ஆசையெல்லாம் செட்டிபாளையம் தடத்துக்கு ட்ரெய்லரில் ஏற்றிப் போகும் வண்டியோடு நிற்கட்டும். இன்னொன்று: பிளாக்கைச் சீவக் கொடுக்கும்போது இன்ஜின் எண் குத்திய முகத்தைத் தொடக்கூடாது என்று சாக்பீஸால் பெரிதாக எழுதிக் கொடுங்கள்.

இதுவரை ஒன்றும் செய்ததில்லை. எதில் தொடங்கலாம்?

கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் வைக்கும் சூடு தடுக்கும் ஸ்பேசரில் தொடங்குங்கள். சித்திரை வெயிலில் வண்டியை நிறுத்திவிட்டுப் பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் செய்தால் இருமுகிறதா? மேனிஃபோல்டு சூடு ஏறி கார்புரேட்டரில் பெட்ரோல் கொதிக்கிறது. 10 மி.மீ. ஹைலம் ஷீட் (சூட்டை எளிதில் கடத்தாத பிசின் தகடு) ஒரு துண்டு வாங்குங்கள். பழைய கேஸ்கட்டைக் காகிதத்தில் வைத்துப் பென்சிலால் சுற்றி, நடுத்துளை, ஸ்டட் துளைகளின் மையத் தூரம் எல்லாம் அளந்து படம் போடுங்கள். நடுத்துளை மேனிஃபோல்டுத் துளையைவிடச் சிறிதாக இருக்கக்கூடாது. இரண்டு முகமும் இணையாக, தட்டையாக இருக்க வேண்டும் என்று எழுதுங்கள். 10 மி.மீ. நீளமான ஸ்டட்டும், இரண்டு பக்கத்துக்கும் கேஸ்கட்டும் தேவை. ஏர் ஃபில்டர் போனட்டில் முட்டுகிறதா, ஆக்சிலரேட்டர் ராடு எட்டுகிறதா என்று முன்பே பாருங்கள். நட்டுகளை மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். ஒரே பக்கம் முடுக்கினால் கார்புரேட்டர் அடிப்பாகம் வளையும். ஓடும்போது ஐடில் ஏறி இறங்கினால் எங்கோ காற்று இழுக்கிறது. கழற்றி, முகத்தைக் கண்ணாடி மேல் வைத்த மெல்லிய எமரித் தாளில் தேய்த்துத் திரும்ப மாட்டுங்கள். படம் போடத் தடுமாறினால் பழைய கேஸ்கட்டையும் கார்புரேட்டரையும் எடுத்துக்கொண்டு சாயங்காலம் வாருங்கள், பட்டறைத் திண்ணையில் உட்கார்ந்து சேர்ந்தே போட்டுவிடலாம்.